போதகரும் ஒயிட்னரும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். வகுப்பில் நடத்திய பாடத்தில் பாதி மறந்துவிட்டது. தேர்தல் வேலைக்குப் போன நாட்கள் மட்டும் மறக்கவில்லை. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் என்று பதவியின் பெயர் பெரிதாக இருக்கும். முந்தின ராத்திரி அந்தப் பள்ளிக்கூடத்து பெஞ்சிலேயே படுத்து, கொசுவோடு போராடி, விடியுமுன் எழுந்து உட்கார வேண்டும். சாயங்காலம் வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான் உண்மையான வேலையே. 17சி என்று ஒரு படிவம். எத்தனை ஓட்டு பதிவானது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கட்சி ஏஜென்ட்டுகளுக்கும் ஆளுக்கொரு நகல் தர வேண்டும்.

ஒரு தடவை, களைப்பில் ஓர் இலக்கத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். என்னோடு இருந்த இரண்டாம் அலுவலர் நல்ல மனிதர், உதவி செய்கிற ஆர்வம். பையைத் திறந்து ஒயிட்னர் பாட்டிலை எடுத்தார். அவ்வளவுதான். காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்த எல்லாக் கட்சி ஏஜென்ட்டுகளும் ஒரே குரலில் கத்தினார்கள். "சார், அதை உள்ளே வையுங்க!" அப்புறம் தப்பான எண்ணை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, சுருக்கொப்பம் போட்டோம். தப்பு நடந்தது தெரிய வேண்டும். அதை மூடினால்தான் வம்பு.

அந்த ஒயிட்னர் ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டின் அதிபர் தேர்தலையே கவிழ்த்திருக்கிறது. மறுபடி நடந்த தேர்தலில் ஜெயித்து அதிபரானவர் ஒரு போதகர். நம் ஊரில் ஏ.ஜி. சர்ச் என்று சொல்கிறோமே, அசெம்ப்ளிஸ் ஆஃப் காட், அதே சபையைச் சேர்ந்தவர். அவர் பெயர் லாசரஸ் சக்வேரா. நாடு மலாவி. அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

மலாவி ஆப்பிரிக்காவின் தென்கிழக்கில் இருக்கிறது. தான்சானியா, சாம்பியா, மொசாம்பிக் மூன்றும் சுற்றி நிற்க, நடுவில் ஒல்லியாக நீண்டு கிடக்கிற நாடு. பரப்பில் தமிழ்நாட்டைவிடக் கொஞ்சம் சிறியது. கடல் கிடையாது. ஆனால் கடல் மாதிரி ஓர் ஏரி உண்டு, நீளம் சுமார் 580 கிலோமீட்டர். பெரும்பாலான மக்கள் மக்காச்சோளம் பயிரிட்டுச் சாப்பிடுகிறவர்கள். வெளிநாட்டுக்கு விற்கக் கிடைப்பதில் பெரும்பகுதி புகையிலைதான். ஆங்கிலேயர் காலத்தில் அதன் பெயர் நியாசாலாந்து. 1964 ஜூலை 6 அன்று சுதந்திரம் பெற்றது.

அந்த நாட்டுக் காசைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நமக்கு ரூபாய் மாதிரி அவர்களுக்குக் குவாச்சா. குவாச்சா என்றால் விடியல். நமக்குப் பைசா மாதிரி அவர்களுக்குத் தம்பாலா. தம்பாலா என்றால் சேவல். நூறு சேவல் கூவினால் ஒரு விடியல். இவ்வளவு அழகாகக் காசுக்குப் பெயர் வைத்த நாட்டை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

சக்வேரா 1955 ஏப்ரல் 5 அன்று தலைநகர் லிலாங்வே பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்களும் குழந்தையிலேயே இறந்துவிட்டார்கள். மூன்றாவது பிள்ளை பிறந்ததும் அப்பா லாசரஸ் என்று பெயர் வைத்தார். செத்து நான்கு நாளான லாசருவை இயேசு கல்லறையிலிருந்து எழுப்பிய கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் லாசர் என்ற பெயர் தெருவுக்குத் தெரு உண்டு. பிள்ளை தக்காத வீட்டில் குப்பன், பிச்சை என்று பெயர் வைப்பார்களே, அந்த அப்பா வைத்ததும் ஒரு வகையில் அப்படித்தான். இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்ற வேண்டுதல்.

பிள்ளை தங்கியது, நன்றாகவும் படித்தது. 1977இல் மலாவிப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் பட்டம் வாங்கினார். பிறகு இறையியல். தென்னாப்பிரிக்காவில் மேற்படிப்பு, 2000இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் முனைவர் பட்டம். நடுவில் 1983 முதல் சபையின் வேதாகமக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1989இல் மலாவியின் அசெம்ப்ளிஸ் ஆஃப் காட் சபைகள் முழுவதற்கும் தலைவரானார். அந்த நாற்காலியில் 24 வருடம். அதுவரை அவர் வாழ்க்கையில் அரசியல் வாடையே கிடையாது. வகுப்பறை, பிரசங்க மேடை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. குரல் மட்டும் கம்பீரமானது. ஆங்கிலத்தில் பேசினால் கொஞ்சம் அமெரிக்க வாடை அடிக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, மலாவியில் மதகுருக்களுக்கும் அரசியலுக்கும் உள்ள பழைய உறவைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் சக்வேராவின் முடிவு விநோதமாகத் தோன்றும்.

மலாவிப் பண நோட்டில் ஒரு மனிதர் கோட் சூட்டோடு இருப்பார். ஜான் சிலெம்ப்வே. பாப்டிஸ்ட் போதகர். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து, சிராட்சுலு என்ற இடத்தில் பள்ளியும் சர்ச்சும் கட்டினார். வெள்ளைக்காரத் தோட்டங்களில் நடந்த கொடுமை தாங்காமல் 1915 ஜனவரியில் கலகம் செய்தார். கலகம் சில நாட்களிலேயே அடக்கப்பட்டது. எல்லை தாண்டித் தப்பிக்கப் போனவரைப் பிப்ரவரி 3 அன்று சுட்டுக் கொன்றார்கள். இன்றும் ஜனவரி 15 அங்கே அவர் பெயரில் அரசு விடுமுறை. அதாவது அந்த நாட்டின் முதல் தியாகியே ஒரு போதகர்தான். பிப்ரவரி 3 என்ற தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவர் ஹேஸ்டிங்ஸ் கமுசு பண்டா. லண்டனில் வைத்தியம் பார்த்த டாக்டர், ஸ்காட்லாந்துச் சபையின் மூப்பர். கையில் எப்போதும் ஒரு சாமரம் வைத்திருப்பார். நாட்டில் ஒரே கட்சி, அவருடைய மலாவி காங்கிரஸ் கட்சி. 1971இல் ஆயுட்கால அதிபர் ஆகிவிட்டார். ஆண்கள் முடி வளர்க்கக் கூடாது, பெண்கள் கால்சட்டை போடக் கூடாது என்றுகூடச் சட்டம் வைத்திருந்தார். எதிர்த்தவர்கள் சிறையில், அல்லது வெளிநாட்டில், அல்லது மண்ணுக்கடியில்.

முப்பது வருடம் இப்படிப் போனது. முதலில் வாய் திறந்தது கத்தோலிக்க ஆயர்கள். 1992 மார்ச் 8, தவக்காலத்தின் முதல் ஞாயிறு. ஏழு ஆயர்களும் கையெழுத்திட்ட ஒரு சுற்றுமடல் நாடு முழுக்க எல்லாக் கோவில்களிலும் ஒரே நேரத்தில் திருப்பலியில் வாசிக்கப்பட்டது. பட்டினி, லஞ்சம், பேச்சுரிமை இல்லாதது எல்லாம் அதில் இருந்தது. அந்த மடலைக் கையில் வைத்திருப்பதே ராஜத்துரோகம் என்றது அரசு. அச்சடித்த அச்சகத்துக்குத் தீ வைத்தார்கள். ஆயர்களைக் கொன்றுவிடலாம் என்று மலாவி காங்கிரஸ் கட்சிக் கூட்டத்திலேயே பேசினார்கள், அந்தப் பேச்சு பதிவாகி வெளியே கசிந்தும்விட்டது. ஆனாலும் ஒரு தடவை கோவிலில் வாசித்ததை எப்படித் திரும்ப எடுப்பது? அடுத்த வருடம் பொது வாக்கெடுப்பு, 1994இல் பல கட்சித் தேர்தல், பண்டா வீட்டுக்குப் போனார்.

இப்போது வேடிக்கையைக் கேளுங்கள். ஆயர்களைத் தீர்த்துக்கட்டப் பார்த்த அதே மலாவி காங்கிரஸ் கட்சிதான், தேர்தலுக்குத் தேர்தல் தோற்றுச் சலித்துப்போய், 2013இல் ஒரு போதகரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. கட்சியின் சின்னம் சேவல். பழைய ரத்தக் கறையைக் கழுவ ஒரு வெள்ளைச் சட்டை தேவைப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். கட்சிக்காரர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சக்வேரா ஏன் ஒப்புக்கொண்டார்? அவர் சொல்லும் காரணம் இது. ஊழியத்தை விட்டு வர மனமில்லாமல் கடவுளோடு வாதாடினாராம். உன்னை ஊழியத்திலிருந்து எடுக்கவில்லை, ஒரு தேசம் முழுவதற்கும் மேய்ப்பனாகும்படி உன் ஊழியத்தை விரிவாக்குகிறேன் என்று கடவுள் சொன்னதாக அவர் பேட்டியில் சொல்லியிருக்கிறார். நம்புகிறவர்கள் நம்பலாம். எனக்கு அதில் ஒரு சின்ன உறுத்தல் உண்டு. மேய்ப்பன் என்றால் மற்றவர்கள் ஆடுகள். ஆட்டுக்கு ஓட்டு கிடையாது.

அவருக்கு முன்னால் ஆப்பிரிக்காவில் இந்த வழியில் போனவர்களும் அப்படியொன்றும் நல்ல சகுனம் இல்லை. காங்கோ பிராசவில்லின் முதல் அதிபர் ஃபுல்பேர் யூலூ ஒரு கத்தோலிக்கக் குரு. திருப்பலி செய்யத் தடை வந்த பிறகும் அங்கியைக் கழற்றாமல் ஆட்சி செய்தார். 1963 ஆகஸ்டில் தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கி மூன்றே நாளில் அவரை இறக்கிவிட்டன. ஜிம்பாப்வேயின் முதல் அதிபர் கானான் பனானா மெதடிஸ்ட் போதகர். அவர் குடும்பப் பெயர் வாழைப்பழம் என்று ஆனதால், அந்தப் பெயரைக் கிண்டல் செய்யக் கூடாது என்று சட்டமே போட வேண்டியிருந்தது.

சரி, மலாவிக்கு வருவோம். 2014 தேர்தலில் சக்வேரா இரண்டாவதாக வந்தார். ஜெயித்தவர் பீட்டர் முத்தாரிக்கா, சட்டப் பேராசிரியர். 2019 மே 21 அன்று மறுபடி தேர்தல். மறுபடி முத்தாரிக்கா. அவருக்கு 38.57 சதவீதம், சக்வேராவுக்கு 35.41. வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 59 ஆயிரம் ஓட்டு. மூன்றாவதாக வந்தவர் சவுலோஸ் சிலிமா, முத்தாரிக்காவிடமே துணை அதிபராக இருந்து பிரிந்து வந்தவர், அதற்கு முன் ஒரு செல்போன் கம்பெனியை நடத்தியவர்.

முடிவு அறிவித்ததும் ஊர் கொதித்தது. வாக்குச்சாவடிகளிலிருந்து வந்த முடிவுத் தாள்களில் எண்கள் மேல் ஒயிட்னர் பூசி, அதன் மேல் வேறு எண் எழுதியிருந்தது. ஒன்று இரண்டு தாள் இல்லை. அங்கே ஒயிட்னருக்கு டிப்பெக்ஸ் என்று கம்பெனிப் பெயர். 'டிப்பெக்ஸ் தேர்தல்' என்றே பெயர் வந்துவிட்டது. மாதக்கணக்கில் ஊர்வலம். தேர்தல் ஆணையத்தின் தலைவர் ஜேன் அன்சா பதவி விலக வேண்டும் என்பது முதல் கோஷம். அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியும்கூட. இவர் பெயரையும் மறந்துவிடாதீர்கள்.

சிலிமாவும் சக்வேராவும் வழக்குப் போட்டார்கள். ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு. 2019 ஆகஸ்டில் தொடங்கிய விசாரணை டிசம்பர் வரை நடந்தது, அது முழுக்க வானொலியில் நேரடி ஒலிபரப்பு. இந்த மைக் முன்னால் உட்கார்ந்து சொல்கிறேன் என்பதற்காக வானொலியை உயர்த்தவில்லை. மலாவியில் செய்தி என்றால் இன்றும் வானொலிதான். சந்தையிலும் மினிபஸ்ஸிலும் ஜனங்கள் கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி குறுக்கு விசாரணை கேட்டார்கள். எந்தத் தாளில் யார் கையெழுத்து, எந்த எண்ணை எப்போது மாற்றினார்கள், அதை ஏன் ஏற்றுக்கொண்டார்கள். இவ்வளவு சலிப்பூட்டும் விஷயத்தை ஒரு நாடு ஐந்து மாதம் காது கொடுத்துக் கேட்டது. எனக்கு மலாவி மேல் மரியாதை வந்ததே இதைப் படித்த பிறகுதான்.

தீர்ப்பு நாள் 2020 பிப்ரவரி 3. சிலெம்ப்வே சுடப்பட்ட அதே தேதி. நீதிபதிகள் ஐவரும் ராணுவக் காவலோடு கவச வண்டியில், குண்டு துளைக்காத உடுப்புப் போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார்கள். தீர்ப்பு சுமார் 500 பக்கம். கடைகள் மூடியிருக்க, ஜனங்கள் வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நாள் முழுக்க வாசித்தார்கள். முறைகேடுகள் பரவலானவை, தொடர்ச்சியானவை, கடுமையானவை, தேர்தல் செல்லாது, 150 நாளுக்குள் மறுதேர்தல் நடத்து. இதுதான் சாரம். மே 8 அன்று உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஆப்பிரிக்காவில் நீதிமன்றம் அதிபர் தேர்தலை ரத்து செய்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான், 2017இல் கென்யாவில். அங்கே மறுதேர்தலில் பழைய அதிபரே ஜெயித்தார்.

தீர்ப்பில் இன்னொரு விஷயம் இருந்தது, வெளியில் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. என் பார்வையில் அதுதான் சக்வேராவை அதிபராக்கியது. அரசியல் சட்டத்தில் அதிபராக 'பெரும்பான்மை' வேண்டும் என்று இருந்தது. அதுவரை, மற்றவர்களைவிட ஓர் ஓட்டு கூட வாங்கினால் போதும் என்று அர்த்தம் செய்துகொண்டிருந்தார்கள். இல்லை, பெரும்பான்மை என்றால் பாதிக்கு மேல் என்று நீதிபதிகள் சொன்னார்கள். 38 சதவீதம் வாங்கி அதிபராவது அதோடு முடிந்தது. இனிக் கூட்டுச் சேராமல் யாரும் ஜெயிக்க முடியாது. போதகரும் செல்போன் கம்பெனிக்காரரும் கை கோத்தார்கள். ஒன்பது கட்சிக் கூட்டணி. பெயர் தோன்சே. சிச்சேவா மொழியில் 'நாம் எல்லோரும்' என்று அர்த்தம்.

ஒரு மூட்டை உரம் 4,495 குவாச்சாவுக்கு, ஒரே வருடத்தில் 10 லட்சம் வேலை என்றெல்லாம் வாக்குறுதிகள். கொரோனா நேரம். தேர்தலுக்குச் சில நாள் முன்பு தலைமை நீதிபதியைக் கட்டாய விடுப்பில் அனுப்ப அரசு பார்த்தது, வழக்கறிஞர்கள் வீதிக்கு வந்து தடுத்தார்கள். ஜூன் 23 அன்று வாக்குப்பதிவு, 27ஆம் தேதி ராத்திரி முடிவு. சக்வேராவுக்கு 58.57 சதவீதம். மறுநாள் லிலாங்வேயில் பதவியேற்றார். அன்று ஞாயிற்றுக்கிழமை. வாழ்நாள் முழுக்க ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்தவருக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. நீதிமன்றம் ரத்து செய்த தேர்தலை மறுபடி நடத்தி எதிர்க்கட்சி ஜெயித்தது ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் முறை. அந்த ஐந்து நீதிபதிகளுக்கு லண்டனின் சாத்தம் ஹவுஸ் என்ற வெளியுறவு ஆய்வு நிறுவனத்தின் விருதும் கிடைத்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல சினிமா. ஆனால் அடுத்த நாள் திங்கட்கிழமை. அலுவலகம் உண்டு.

முதல் சறுக்கல் இரண்டு வாரத்திலேயே. அமைச்சரவைப் பட்டியல் வந்தது. அண்ணன் ஒரு துறைக்கு, தங்கை ஒரு துறைக்கு. கணவர் அமைச்சர், மனைவி துணை அமைச்சர். பார்த்த ஜனம், இது 'நாம் எல்லோரும்' இல்லை, 'நம் வீட்டார் எல்லோரும்' என்று நினைத்திருந்தால் அதில் தப்பில்லை. ஐந்து மாதம் பொறுங்கள், சரியாக வேலை செய்யாதவர்களை மாற்றுகிறேன் என்றார் அதிபர். நல்லதும் செய்தார், அதையும் சொல்ல வேண்டும். முடங்கிக் கிடந்த தகவல் அறியும் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நாடாளுமன்றத்துக்கு வந்து உறுப்பினர்களின் கேள்விக்குப் பதில் சொன்னார். கொரோனா நிதியிலிருந்து சுமார் 6 லட்சம் குவாச்சாவைப் பயணப் படியாக எடுத்ததற்காகத் தொழிலாளர் துறை அமைச்சரைப் பதவி நீக்கினார். 6 லட்சம் என்றால் மலைக்காதீர்கள், டாலரில் 800கூட வராது.

கொரோனா சும்மா விடவில்லை. 2021 ஜனவரியில் ஒரே நாளில் இரண்டு அமைச்சர்கள் இறந்தார்கள். அப்புறம் காலரா, 1,700 பேருக்கு மேல் சாவு. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல். பிளான்டைர் நகரத்து மலைச்சரிவுகள் சேறாக இறங்கி வீடுகளை மூடின. உடல் கிடைத்தவர்கள் 679, கிடைக்காமலேயே போனவர்கள் 537. அதற்கு அடுத்த வருடம் வறட்சி. 28 மாவட்டத்தில் 23 மாவட்டம் பேரிடர்ப் பகுதி. இதில் எதுவும் சக்வேரா கொண்டுவந்தது இல்லை. பைபிளில் எகிப்தின் மேல் ஒன்றன்பின் ஒன்றாக வந்த வாதைகள் மாதிரி, ஒரு போதகர் தலையிலேயே இவை வரிசையாக இறங்கியது விதியின் கேலி.

ஆனால் உரக் கதை அப்படியில்லை. 2022இல் மானிய உரம் வாங்க வேண்டும். கையில் டாலர் இல்லை. அவசரத்தில் பிரிட்டனில் ஒரு நிறுவனத்துக்கு 75 கோடி குவாச்சா முன்பணம் அனுப்பினார்கள். பிறகுதான் தெரிந்தது, அது உரக் கம்பெனியே இல்லை. இறைச்சி வியாபாரம் செய்கிற நிறுவனம். உர மூட்டைக்குக் கறிக்கடையில் பணம் கட்டியிருக்கிறார்கள். அதிபர் விவசாயத் துறை அமைச்சரை நீக்கினார், நாட்டு மக்களுக்குத் தொலைக்காட்சியில் உரை நிகழ்த்தினார். உரை நன்றாகத்தான் இருந்திருக்கும், அவர் உரை எப்போது நன்றாக இல்லாமல் போனது? விதைப்பு நேரத்தில் விவசாயிக்கு வேண்டியது உரம்.

அவரிடம் எனக்குள்ள குறை இதுதான். அவர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. கேட்பவர் மனதைத் தொட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் பிரசங்கியிடம் இருக்கும். வாத்தியார்களுக்கும் உண்டு, நானே அப்படித்தான். வகுப்பு கலகலப்பாக இருந்தால் பாடம் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். தேர்வுத்தாள் வரும்போதுதான் விஷயம் தெரியும். அரசாங்கத்தில் அந்தத் தாள் தினமும் வரும். ஆட்சிக்கு வந்த புதிதில் சக்வேரா அடிக்கடி சொன்ன உவமை ஒன்று உண்டு: புதிதாகக் கட்டுவதற்கு முன் பழைய இடிபாடுகளை அகற்ற வேண்டும் என்பார். ஐந்து வருடம் கழித்தும் ஜனங்கள் கண்ணில் பட்டது இடிபாடுதான்.

காசுக்கு வருகிறேன். அவர் பதவியேற்றபோது ஒரு டாலர் சுமார் 740 குவாச்சா. 2022 மே மாதம் நாணய மதிப்பை 25 சதவீதம் குறைத்தார்கள். 2023 நவம்பரில் இன்னொரு 44 சதவீதம். டாலர் 1,700 குவாச்சா ஆனது. விடியலின் விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. சேவலை யாரும் எண்ணுவதுகூட இல்லை. அந்த மாதமே, தானும் அமைச்சர்களும் மார்ச் வரை வெளிநாடு போவதில்லை, ஏற்கெனவே போனவர்கள் உடனே திரும்ப வேண்டும், பெட்ரோல் படி பாதியாகிறது என்று அறிவித்தார். பெட்ரோல் பங்க்கில் மஞ்சள் கேனோடு ஜனம் நிற்பது அங்கே அன்றாடக் காட்சியாகிவிட்டது.

துணை அதிபராக இருந்த கூட்டாளி சிலிமாவோடும் கசந்தது. முதல் ஐந்து வருடம் நீங்கள், அடுத்து நான் என்று ஒப்பந்தம் என்றார் சிலிமா. இதற்கிடையில் அரசு ஒப்பந்தங்களில் லஞ்சம் வாங்கியதாகச் சிலிமா மேல் ஊழல் தடுப்பு அமைப்பின் பார்வை விழுந்தது. 2022 ஜூனில் அவரிடமிருந்த அதிகாரங்களைச் சக்வேரா பிடுங்கிக்கொண்டார். நவம்பரில் கைது. சிலிமா குற்றத்தை மறுத்தார். 2024 மே மாதம் வழக்கு கைவிடப்பட்டது.

அடுத்த மாதம், ஜூன் 10, ஒரு முன்னாள் அமைச்சரின் அடக்கத்துக்காகச் சிலிமா ராணுவ விமானத்தில் வடக்கே முசூசு நகரத்துக்குக் கிளம்பினார். அங்கே மேகம் மூடி ஓடுபாதை தெரியவில்லை, திரும்பிப் போகச் சொன்னார்கள். திரும்பவில்லை. மறுநாள் சிக்காங்காவா காட்டில் விமானம் நொறுங்கிக் கிடந்தது. அதிலிருந்த ஒன்பது பேரும் இறந்துவிட்டார்கள். அறிவித்தவர் சக்வேரா. எத்தனையோ அடக்கத்தில் ஜெபித்தவர், ஆறுதல் சொல்லத் தெரிந்தவர். ஆனால் அந்த ஊர்வலத்தில் அவர் சொன்ன ஆறுதலைக் கேட்கிற மனநிலையில் சிலிமாவின் ஆட்கள் இல்லை. சவ வண்டி போன வழியில் கல் வீச்சு நடந்தது. சந்தேகம் பரவியது. சதி எதுவும் இல்லை என்று விசாரணை ஆணையம் பிறகு சொன்னது. சந்தேகப்பட்டவர்கள் அதோடு விட்டுவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

2025 செப்டம்பர் 16, தேர்தல். எதிரில் நின்றவர் பழைய முத்தாரிக்காவேதான். வயது 85. பிரசாரத்துக்கு வெளியே வந்ததே குறைவு. வர வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அவருக்காக விலைவாசி பிரசாரம் செய்தது. எண்ணி முடிக்கும்போது முத்தாரிக்காவுக்கு 56.8 சதவீதம், சக்வேராவுக்கு 33. சக்வேராவின் கட்சி சில புகார்கள் கொடுத்துப் பார்த்தது. செப்டம்பர் 24, அதிகாரபூர்வ முடிவு அறிவிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு, சக்வேரா நாட்டு மக்களிடம் பேசினார். எதிராளியை எட்டிப் பிடிக்க முடியாது, மக்கள் தீர்ப்பை மதிக்கிறேன், முத்தாரிக்காவுக்குப் போன் செய்து வாழ்த்திவிட்டேன் என்றார். ஆப்பிரிக்காவில் பதவியில் இருப்பவர் முடிவு வருமுன்பே போனை எடுப்பது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை. அவர் பேசிய எத்தனையோ பேச்சில் எனக்குப் பிடித்தது இந்தப் பேச்சுதான். குறைவான அலங்காரம், ஒரே ஒரு கணக்கு.

அக்டோபர் 4 அன்று பிளான்டைர் நகரத்தில் கமுசு மைதானத்தில் முத்தாரிக்கா பதவியேற்றார். அவரோடு துணை அதிபராகக் கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தவர், ஒயிட்னர் தேர்தலில் ஆணையத் தலைவராக இருந்த அதே ஜேன் அன்சா.

இந்த முறை முடிவுத் தாள்களில் யாராவது ஒயிட்னர் பூசினார்களா என்று தேடிப் பார்த்தேன். வாத்தியார் புத்தி. என் கண்ணில் எதுவும் படவில்லை.

நன்றி, வணக்கம்.